பசி தீராத ஈஸ்ட்

அந்த வருடம் ஆறாம் மாதமே வெயில் மண்டையைப் பிளந்தது. நான்ஃபாங்காவ் துறைமுகத்தில் மீன் ஏலம் முடிவதற்குள் ஐஸ் கரைந்து தரையெல்லாம் ஓடியது. ஊரில் ஏசி மெக்கானிக்குகளுக்கு மட்டும்தான் கொண்டாட்டம். டிங்-யாவ் அவர்களில் ஒருவன். விடிந்ததும் ஸ்கூட்டரில் ஏணியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் மதியச் சோற்றுக்குக்கூட வீடு திரும்ப முடியாத அளவுக்கு வேலை.

வீட்டின் முன்பக்கம் அவன் மனைவி ருய்-ஷியாவின் பியூட்டி பார்லர், பின்பக்கம் அவன் பட்டறை. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன ஸ்டோர் ரூம். அதில்தான் பல வருடமாக அவன் பீர் காய்ச்சி வந்தான். விற்பதற்கு இல்லை. சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம் தெருவே சேர்ந்து நல்ல அண்ணன்மாருக்குப் படையல் போடும்போது அவன் பீரும் மேஜையில் நிற்கும். செத்த பிறகும் கும்பிட ஆள் இல்லாமல், போய்ச் சேர இடம் இல்லாமல் அலைகிறவர்களுக்கு அந்த ஒரு மாதம்தான் வயிறார விருந்து. அவர்கள் யார் என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பதால் நல்ல அண்ணன்மார் என்று பெயர். ஊதுபத்தி அணைந்ததும் மிச்சத்தைத் தெருவில் இருக்கிறவர்கள் பங்கு போட்டுக் குடிப்பார்கள்.

அந்தக் கோடையில் சிக்கல் ஈஸ்டில் வந்தது. பீர் டிரம்மைக் குளிர்ச்சியாக வைக்க அவன் பயன்படுத்திய பழைய ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸரை ஒரு அவசரத்துக்குக் கழற்றி யாருக்கோ மாட்டிவிட்டான். ஃப்ரிட்ஜ் இல்லாமல், வழக்கமான பாக்கெட் ஈஸ்டை அந்தச் சூட்டில் போட்டால் பீரில் நெயில் பாலிஷ் வாடை அடிக்கும். போன வருடம் ஃப்ரிட்ஜ் இரண்டு நாள் நின்றுபோனபோது பாதி டிரம்மை அப்படித்தான் சாக்கடையில் கொட்ட வேண்டியிருந்தது. வேறு வழி தெரியாமல் வென்னுக்கு ஃபோன் போட்டான். வென், ஜியாவ்ஷி பக்கம் சொந்தமாக பீர்க்கடை வைத்திருந்து மூடியவர். விதவிதமான ஈஸ்டைக் கண்ணாடி ஜாடிகளில் வளர்த்து, காய்ச்சத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்தச் சூட்டைத் தாங்குற மாதிரி ஏதாவது இருக்கா?"

"இருக்கு. ஆனா உன் கையில குடுக்க யோசனையா இருக்கு."

"ஏன், நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"நீ அவசரக்காரன். சொல்றதைக் கேளு. இது பெல்ஜியத்துப் பண்ணைகள்ல வளர்ந்த ஈஸ்ட். சூடு ஏற ஏற இதுக்குக் குஷி. மத்த ஈஸ்டெல்லாம் பந்தியில சாப்பிட்டு எந்திரிச்சுப் போயிடும். இது எலும்பைக்கூடக் கடிச்சுத் தின்னும். வேற எதாலயும் தின்ன முடியாத சர்க்கரையை உடைச்சுத் தின்னும். அதனாலதான் பீர் அவ்வளவு லேசா, வறவறன்னு இருக்கும்."

"அண்ணே, வெயில் காலத்துக்கு அதானே வேணும்!"

"முழுசாக் கேளுடா. இது நடுவுல படுத்துக்கும். ஊறல் முடிஞ்சிருச்சுன்னு நீ நினைப்பே. முடிஞ்சிருக்காது. சர்க்கரை அளக்குற மிதவை ஒரே கோட்டுல முழுசா ரெண்டு வாரம் நின்னாத்தான் பாட்டில்ல ஊத்தணும். நடுவுல மூடி அடிச்சே, அது பாட்டிலுக்குள்ள உக்காந்து தின்னும். தின்னா காத்து விடும். அப்புறம் நான் சொல்ல வேண்டியதில்ல."

டிங்-யாவ் சரி சரி என்று தலையாட்டினான், ஃபோனில் தலையாட்டல் தெரியாது என்பதை மறந்து.

மறுநாள் பார்லரில் ஒரு தட்டு நிறையச் சின்னக் கப்புகளை அடுக்கினான். கடையில் வாங்கிய சாதா பீரில் எலுமிச்சைப்புல், இஞ்சி, ஓஸ்மாந்தஸ் பூ, பம்ப்ளிமாஸ் தோல், குட்டி ஆரஞ்சு போன்ற கும்குவாட் பழத்தின் காய்ந்த தோல், மலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த பச்சை மாகாவ் மிளகு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஊற வைத்திருந்தான். எந்த வாசனையைப் போடுவது என்று முடிவு செய்ய வேண்டும். பக்கத்துக் காலை டிபன் கடை சாய் அக்கா தலை நிறைய சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ருய்-ஷியாவின் தம்பி சோங்-ரென், படகில் இன்ஜின் பார்க்கிறவன், ஓசிக் குடி என்றதும் துறைமுகத்திலிருந்து ஓடி வந்துவிட்டான்.

"அத்தான், இது பீரா, சளிக் கஷாயமா?" என்று இஞ்சிக் கப்பைக் கீழே வைத்தான்.

"இதைக் குடி" என்று எலுமிச்சைப்புல்லை நீட்டினான் டிங்-யாவ்.

சாய் அக்கா முந்திக்கொண்டு ஒரு வாய் குடித்தார். "கொசு கடிக்காம இருக்கக் கையில தடவுறதுதானே இது? வாசல்ல தெளிச்சு விடு, புண்ணியமாப் போகும்."

"ஓஸ்மாந்தஸ்?"

"என் மாமியா தலை வாசனை" என்றார் அக்கா. "அவ செத்து எட்டு வருசமாச்சு. இப்ப எதுக்கு அவளக் கூட்டிட்டு வர்றே?"

எல்லோரும் சிரித்தார்கள். ருய்-ஷியா மட்டும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு மாகாவ் கப்பை எடுத்து மோந்தாள். ஒரு மிடறு குடித்தாள். பிறகு கும்குவாட் கப்பிலிருந்து கொஞ்சம் அதில் ஊற்றி மறுபடி குடித்தாள். அந்த வீட்டில் நாக்கு அவளுக்குத்தான் என்பது டிங்-யாவுக்குத் தெரியும்.

"இது ரெண்டும் சேர்ந்தாப் போதும்" என்றாள். "மழை வர்றதுக்கு முன்னாடி மலைப்பக்கம் ஒரு வாசனை அடிக்குமே, அது மாதிரி இருக்கு. மிளகை நுணுக்காதே, சும்மா நசுக்கிப் போடு. தோலு கொஞ்சம் அதிகமாவே போடு."

"அந்த அலமாரியில கும்குவாட் பாகு ஒரு ஜாடி கெடக்குதே, அதையும் ஊத்திட்டா இன்னும் ஜோரா இருக்குமே" என்றான் சோங்-ரென்.

"பாகு முழுக்கச் சர்க்கரை. இந்த ஈஸ்டுகிட்ட சர்க்கரையைக் காட்டினா தொலைஞ்சோம். வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு மச்சான்."

பார்லியும் அரிசியும் கலந்து காய்ச்சி, ஆற வைத்து, வென் கொடுத்த ஜாடியை டிரம்மில் கவிழ்த்தான். சாயங்காலத்துக்குள் மூடியில் செருகியிருந்த காற்றுக்குழாய் குளுக் குளுக் என்று கொப்பளிக்கத் தொடங்கியது. இதற்கு முன் எந்த ஈஸ்டும் இத்தனை வேகமாகப் பிடித்ததில்லை. இரண்டாம் நாள் நுரை குழாய் வழியாக ஏறி வெளியே வழிந்தது. டிங்-யாவ் சந்தோஷமாகத் துடைத்துப் போட்டான்.

ருய்-ஷியாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. கஸ்டமர் இல்லாத நேரத்தில் டிரையரை அணைத்தால் சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

"யாரோ தண்ணி குடிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். "மூச்சு விடாமக் குடிக்கிறாங்க. தாகமே அடங்காத மாதிரி."

"காத்து வெளிய போகுது, அவ்வளவுதான்."

அவள் அந்தச் சத்தம் கேட்காமலிருக்க டிரையரை மறுபடி போட்டாள். அவள் அப்பா ஓர் ஏழாம் மாதத்தில் கடலுக்குப் போனவர். படகும் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் தெருப் படையலில் அவருக்கென்று ஒரு கிண்ணம் சோற்றை மேஜை ஓரத்தில் தனியாக வைப்பாள். அதை யாரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

ஏழாம் மாதம் பிறந்த அன்று காற்றுக்குழாய் சட்டென்று நின்றுபோனது. மிதவையைப் போட்டுப் பார்த்தான். நிறையச் சர்க்கரை தீர்ந்திருந்தது. மறுநாளும் அதே கோடு, அதற்கு மறுநாளும் அதே கோடு. வென் சொன்ன இரண்டு வாரம் நினைவில் இருந்தது. ஆனால் புயல் ஒன்று கிழக்கே திரண்டுகொண்டிருப்பதாகச் செய்தி வர, வார்டு தலைவர் தெருப் படையலை முன்னதாகவே வைத்துவிடலாம் என்று அறிவித்துவிட்டார். பாட்டிலில் ஊற்றி மூடினால் பொங்கிவர ஒரு வாரமாவது வேண்டும். கணக்குப் பார்த்தால் அன்றே ஊற்றியாக வேண்டும்.

குடித்துப் பார்த்தான். எலும்புவரை வறண்ட, இறகு போன்ற பீர். மிளகின் சில்லிப்பும் தோலின் கசப்பும் பின்னால் மெல்ல வந்தன. இதில் இனி தின்ன என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது மீன் குளிர்கிடங்கிலிருந்து ஃபோன். மெஷின் நின்றுவிட்டது, உடனே வராவிட்டால் சரக்கு முழுக்க நாறிவிடும். டிங்-யாவ் சோங்-ரென்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தான்.

"பாட்டிலுக்குள்ள நுரை கட்டுற அளவுக்கு மட்டும் சர்க்கரையை அளந்து கிண்ணத்துல வச்சிருக்கேன். அதைக் கலந்து ஊத்து, மூடியை அடி. வேற ஒண்ணும் பண்ணாதே."

"இன்ஜினையே பிரிச்சு மாட்டுறவன்கிட்ட மூடி அடிக்கப் பாடம் எடுக்குறாரு பாரு. நீ போ அத்தான்."

திரும்பி வந்தபோது எல்லாப் பாட்டிலும் மூடி மாட்டிச் சுவரோரம் வரிசையாக நின்றன.

படையலுக்கு இரண்டு நாள் முன்பு, நல்ல மதியம், பட்டறையில் டிங்-யாவ் ஒரு மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஸ்டோர் ரூமில் பட்டென்று ஒரு சத்தம், தொடர்ந்து கண்ணாடி சிதறும் சத்தம். கதவைத் திறந்ததும் மிளகு வாசனை முகத்தில் அடித்தது. தரை முழுக்க நுரை. ஒரு பாட்டில் இருந்த இடத்தில் அதன் அடிப்பாகம் மட்டும் நின்றது. கதவை மூடப் போனபோதுதான் பார்த்தான், மரத்தில் அவன் நெஞ்சு உயரத்துக்கு விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்று குத்தி நின்றது. பிடித்து இழுத்தான். வரவில்லை. இடுக்கியைக் கொண்டுவந்துதான் பிடுங்க வேண்டியிருந்தது.

"என்ன சத்தம்?" பார்லரிலிருந்து ருய்-ஷியா குரல் கொடுத்தாள்.

அவள் இரண்டு நாளாகவே சரியாகத் தூங்கவில்லை. இந்த மாதத்தில் தானாகப் பாட்டில் உடைந்தது என்றால் அவள் மனம் எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும்.

"பூனை" என்றான். "பாட்டிலைத் தள்ளி விட்டுருச்சு."

"பூனை எப்படி உள்ள வந்துச்சு?"

"ஜன்னல் வழியா வந்திருக்கும்."

அவள் கத்தரியின் சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கியது.

கீறல் விழுந்த பழைய பாட்டிலாக இருக்கும் என்று நினைத்தான். இருந்தாலும் இன்னொன்றை எடுத்துக் கொல்லையில் வைத்துத் திறந்தான். மூடி தகரக்கூரையில் அடித்துத் தெறித்தது. பீர் தூண்மாதிரி எழும்பி ஆள் உயரத்துக்கு மேல் போய் அவன் தலையில் கொட்டியது. பாட்டிலில் ஒரு சொட்டு மிஞ்சவில்லை. நனைந்த சட்டையைக் கழற்றிப் பிழிந்தான். அப்போதே எல்லாவற்றையும் அழித்திருக்க வேண்டும். ஆனால் தெருவே அவன் பீருக்குக் காத்திருந்தது, சாய் அக்கா ஊர் முழுக்கப் புகழ்ந்துவிட்டிருந்தார். குளிரில் வைத்தால் ஈஸ்ட் தூங்கிவிடும், பொங்காது என்பது உண்மைதானே என்று எண்ணிக்கொண்டான். மீன் பெட்டிகளில் ஐஸைக் கொட்டி எல்லாப் பாட்டிலையும் அதில் புதைத்தான்.

"கடைசி நேரத்துல வெளிய எடுத்தாப் போதும்" என்று ருய்-ஷியாவிடம் சொன்னான். "சில்லுன்னு இருக்கட்டும்."

படையல் அன்று காலை சோங்-ரென் வந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். படகிலும் அன்றைக்குத்தான் படையல், படகு முதலாளி ஜியான் கேட்டிருந்தார். டிங்-யாவுக்கு ஹோட்டல் ஒன்றில் வேலை. மதியத்துக்குள் முடித்துவிட்டு வந்து பாட்டில்களைத் தானே எடுத்து வைக்கலாம் என்று கிளம்பிவிட்டான். வேலை இழுத்தது. மொட்டைமாடியில், தார் உருகும் வெயிலில், மெஷினுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது.

"அத்தான்!" சோங்-ரென் சிரித்துக்கொண்டிருந்தான், பின்னால் ஆட்கள் சிரிக்கும் சத்தம். "உன் பீரு ஒண்ணு தானாவே வெடிச்சிருச்சு! இந்தோனேசியாக்காரப் பசங்க கடல்ல குதிக்கப் போயிட்டானுங்க. நல்ல அண்ணன்மாருக்கு அவசரம் போலிருக்கு, மூடியைத் திறக்கக்கூடப் பொறுமை இல்ல."

டிங்-யாவ் மெஷினிலிருந்து கையை உருவினான். "ஐஸ்ல வைக்கலையா?"

"படையல்ல எவன் ஐஸ் வைப்பான்? மேல்தட்டுல அடுக்கியிருக்கோம்."

"மச்சான், நான் கேக்குறதுக்கு உண்மையைச் சொல்லு. ஊத்தும்போது சர்க்கரை மட்டும்தானே போட்டே?"

அந்தப்பக்கம் சிரிப்பு அடங்கியது. "அது... கொஞ்சம் சப்புன்னு இருந்துச்சு அத்தான். அந்தப் பாகையும் ஊத்தினேன். ஜாடி முழுசா. வாசனைக்குத்தான்."

"எல்லாரையும் இறக்கு. இப்பவே. யாரும் அது பக்கத்துல போகக் கூடாது. நீளமான கழி எடுத்துப் பெட்டியைக் கடல்ல தள்ளு. கையால தொடாதே. புரியுதா? ஒவ்வொண்ணும் குண்டு."

"அத்தான்..."

"தள்ளுடா!"

ஃபோனை வைத்த கையோடு ருய்-ஷியாவுக்கு அடித்தான். நீண்டநேரம் மணி அடித்த பிறகுதான் எடுத்தாள். தெருவின் இரைச்சல், சாய் அக்காவின் குரல், அண்ணன்மாருக்காக எரிக்கும் காகிதப்பணத்தின் சடசடப்பு எல்லாம் கேட்டன.

"பாட்டில் எல்லாம் ஐஸ்லதானே இருக்கு?"

"எங்க? எல்லாரும் அப்பவே மேஜை போட்டாச்சு. நம்ம இடம் மட்டும் காலியா இருக்குன்னு அக்கா திட்டினாங்க. ஒரு டஜன் எடுத்து வச்சாச்சு. ஊதுபத்தியும் ஏத்தியாச்சு."

"எடுத்திரு" என்று சொல்லிவிட்டு நிறுத்தினான். அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், அவன் குரலே அவனுக்குத் திரும்பக் கேட்டது. வெடிக்கும் என்று சொன்னால் தெரு முழுக்கக் கேட்கும். பூனை என்று சொன்ன பொய்யும் வெளியே வரும். "அதை உள்ள எடுத்து வை. சுருக்கா."

"பத்தி எரியும்போது எப்படி எடுக்குறது? சாப்பிட உக்காந்தவங்க இலையை இழுக்குற மாதிரி. ஏன், என்ன ஆச்சு?"

"வந்து சொல்றேன். நீ எடுத்து வை."

"ஆ-யாவ், என்னன்னு சொல்லேன்."

"சொன்னதைச் செய்யேன்!" என்று கத்திவிட்டு ஃபோனை வைத்தான்.

தள்ளி நில் என்று சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போகும்போதுதான் அது உறைத்தது. மறுபடி அடித்தான், அவள் எடுக்கவில்லை. அவளுக்கு இரண்டு கையும் வேலையில் இருந்தது.

தெருமுனையில் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடினான். நீள மேஜைகள், பன்றித்தலைகள், அன்னாசிகள், நூடுல்ஸ் பாக்கெட் கோபுரங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ஊதுபத்தி. புகை கண்ணைக் கரித்தது. புகைக்கு நடுவே ருய்-ஷியா தெரிந்தாள். நான்கு பாட்டில்களைக் குழந்தையைப்போல மார்போடு அணைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். ஒன்றின் மேல் ஊதுபத்தி இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

"கீழ வை!" என்று அலறினான். "ஷியா! கீழ வை!"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் குனிந்து, ஒவ்வொன்றாக, மெதுவாகத் தரையில் வைக்க ஆரம்பித்தாள். இரண்டை வைத்துவிட்டாள். மூன்றாவதைச் சுற்றி அவள் வலது கை இருந்தபோது அது வெடித்தது.

அவள் கத்தவில்லை. உட்கார்ந்தபடியே தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல. நான்காவது பாட்டில் உருண்டு சாக்கடை ஓரம் போய் நின்றது. டிங்-யாவ் அவளை அக்குளில் பிடித்துத் தரையோடு இழுத்துக்கொண்டு போனான். சாய் அக்கா ஓடி வந்தார். அண்ணன்மார் முகம் கழுவிக்கொள்ளட்டும் என்று மேஜைக்குக் கீழே வைத்திருந்த தண்ணீர்ப் பேசினிலிருந்து புதுத் துண்டை உருவி, அவள் மணிக்கட்டை இறுக்கிக் கட்டினார். கட்டிய பிறகுதான் அது யாருக்கு வைத்த துண்டு என்று அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

"எல்லாரும் தள்ளிப் போங்க!" டிங்-யாவ் தொண்டை கிழியக் கத்தினான். "மேஜைகிட்ட யாரும் போகாதீங்க! என் பீரு வெடிக்கும்! எல்லாம் வெடிக்கும்!"

தெரு காலியானது. ஆம்புலன்ஸ் வரும்வரை மக்கள் இரண்டு முனைகளிலும் ஒதுங்கி நின்றார்கள். நடுவே ஆளில்லாத விருந்து புகைந்துகொண்டிருந்தது. வெயில் நேராக மேஜைமேல் இறங்கியது. முதலில் ஒன்று வெடித்தது. பழத்தட்டு கவிழ்ந்து ஆரஞ்சுகள் உருண்டன. கொஞ்ச நேரம் அமைதி. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல. ருய்-ஷியா ஓரமாக வைத்திருந்த தனிக் கிண்ணம் தெறித்துச் சோறு தெருவில் சிதறியது. கூட்டத்தில் யாரோ முணுமுணுவென்று பிரார்த்தனை செய்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் விரல்களின் நரம்புகளைத் தைக்க நெடுநேரம் ஆனது. சோங்-ரென் வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். படகில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெட்டி கடலில் விழுந்த பிறகும் தண்ணீருக்கடியில் தும் தும் என்று கேட்டதாம்.

மயக்கம் தெளிந்ததும் ருய்-ஷியா கேட்ட முதல் கேள்வி, "அன்னைக்குப் பூனை வரல, இல்லியா?"

"வரல."

"உனக்கு அப்பவே தெரியும்."

"தெரியும்."

"நான் பயப்படுவேன்னு சொல்லாம விட்டியா?"

அவன் தலையசைத்தான். அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். "எங்கப்பா போன அன்னைக்குக்கூட, இன்ஜின் ரெண்டு நாளாச் சரியில்லன்னு எங்கம்மாகிட்ட அவரு சொல்லல. படகுல கூடப் போக வேண்டிய ஒருத்தர்தான் பின்னாடி வந்து சொன்னாரு." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் அண்ணன்மாரைப் பாத்துப் பயப்படல, ஆ-யாவ். ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு சொல்றவங்களைப் பாத்துத்தான் எனக்குப் பயம்."

மறுநாள் டிங்-யாவ் வெல்டிங் முகமூடியும் தோல் கோட்டும் மாட்டிக்கொண்டு, ஐஸில் மிஞ்சியிருந்த பாட்டில்களை ஈரச் சாக்கில் சுற்றிக் கொல்லையில் உடைத்தான். அப்புறம் தெருவைக் கூட்டினான். வெடித்தாலும் மூடியோடு சேர்ந்த கழுத்துப் பகுதி மட்டும் முழுசாகக் கிடந்தது. மேஜைக்கு அடியில், சாக்கடையில், அன்னாசிக் கொண்டைக்குள் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தான். வெடிக்காமல் நின்ற ஒன்றிரண்டையும் சேர்த்து எண்ணினான். பன்னிரண்டு வரவேண்டும். பதினொன்றுதான் வந்தது. மூன்று முறை எண்ணினான். சாக்கடை ஓரம் உருண்ட அந்த நான்காவது பாட்டில் அங்கே இல்லை. ஆம்புலன்ஸ் வந்த குழப்பத்தில் யாரோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் வீடு வீடாகப் போனான். ஃபோனில் சொல்லத் தயங்கியதை இப்போது ஒவ்வொரு வாசலிலும் முழுசாகச் சொன்னான். தான் அவசரப்பட்டது, மச்சான் ஊற்றிய பாகு, பூனை என்று சொன்ன பொய், எதையும் விடவில்லை. "யார் எடுத்தீங்கன்னு கேக்கல. தொடாதீங்க. என்னைக் கூப்பிடுங்க, நான் வந்து எடுத்துக்கிறேன்" என்றான். எல்லோரும் இரக்கத்தோடு கேட்டார்கள். யாரும் எடுத்ததாகச் சொல்லவில்லை. அண்ணன்மார் மேஜையிலிருந்து, பத்தி அணையும் முன் எடுத்ததாக எவர் ஒப்புக்கொள்வார்? சாய் அக்கா மட்டும் மெதுவாகச் சொன்னார்: "அவங்களே கொண்டு போயிருப்பாங்கன்னு நினைச்சுக்கோயேன்."

அவனால் அப்படி நினைக்க முடியவில்லை.

ருய்-ஷியாவின் இரண்டு விரல்கள் மடங்கவே இல்லை. பார்லரில் ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தாள்; சாயம் கலப்பதும் கஸ்டமரிடம் பேசுவதும் மட்டும் அவள் பார்த்துக்கொண்டாள். டிங்-யாவ் மறுபடி பீர் காய்ச்சவில்லை. ஸ்டோர் ரூமைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி ஸ்பேர் பார்ட்ஸ் அடுக்கிவிட்டான். குளிர்காலத்தில் வென்னுக்கு ஃபோன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"இந்தக் குளிர்ல அது செத்திருக்குமா அண்ணே?"

"தூங்கும்" என்றார்.

மறு வருடம் நான்காம் மாதமே வெயில் தொடங்கிவிட்டது. தெருவில் ஏசி கழுவ வரச்சொல்லி ஒவ்வொரு வீடாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். டிங்-யாவ் ஏணியைச் சுவரில் சாய்க்கும் முன், அனுமதி கேட்டு, கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் மாடிப்படிக் கீழ் மூலையிலும் டார்ச் அடித்துப் பார்ப்பான். எதைத் தேடுகிறான் என்று தெரிந்ததால் வீட்டுக்காரர்கள் தடுப்பதில்லை. ஐந்தாம் மாதம் முடிவதற்குள் தெருவில் கிட்டத்தட்ட எல்லா வீட்டையும் பார்த்துவிட்டான். மூன்று வீட்டுக்காரர்கள் மட்டும் இன்னும் அவனைக் கூப்பிடவில்லை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஸ்கூட்டரை மெதுவாக்கி, மூடியிருக்கும் அந்த ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே போகிறான்.